ரத்தத்தில் செரோடோனின் பார்த்து மாத்திரையை நிறுத்தலாமா?

"மனநோய் என்பது வெறும் ஹார்மோன் குறைபாடு. ரத்தத்தில் செரோடோனின், டோபமின் அளவு நார்மல் என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. கடைசி வரி ஆபத்தும்கூட.

செரோடோனினும் டோபமினும் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்கள். உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. ரத்தத்தில் அது பெரும்பாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் இருக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எனவே பரிசோதனைத் தாளில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் இருந்தாலும், மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. டோபமினும் அப்படியே. மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் உற்பத்தி சராசரியாகக் கூடுதலாக இருப்பதைத்தான் மூளைக்குள் நடக்கும் வேதிச் செயல்களைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. 'குறைபாடு' என்ற சொல்லே அங்கே பொருந்தாது.

பிறகு மருத்துவர்கள் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்வும் மந்தமும் வரும், அதைப் பிரித்தறியத்தான். இருதுருவக் கோளாறுக்கு (பைபோலார்) தரப்படும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்த லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் இருதுருவக் கோளாறு, குறிப்பாக மேனியா என்னும் அளவுகடந்த கிளர்ச்சி நிலை, வேகமாகத் திரும்பக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மனச்சோர்வும் மனச்சிதைவும் அறிகுறிகளையும் அவை நீடிக்கும் காலத்தையும் வைத்தே கண்டறியப்படுவதை அங்கே பார்க்கலாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றே அவருடைய மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.