சுகர்ராமுர்தி குகையில் யாரையும் எரிக்கவில்லை

“ஸ்பெயினின் சுகர்ராமுர்தி குகையில் நூற்றுக்கணக்கான சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள்” என்று குகைப் படத்தோடு ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

சுகர்ராமுர்தி, பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் மலையடிவாரத்தில் இருக்கிற, பாஸ்க் இன மக்களின் சின்ன கிராமம். ஆடுமாடு, புல்வெளி, கல்வீடுகள்தான் அதன் வாழ்க்கை. குகை உண்மைதான். ‘நரக ஓடை’ என்று ஊரார் சொல்லும் ஓடை சுண்ணாம்புப் பாறையை அரித்து உண்டாக்கியது.

சூனியம் செய்ததாகச் சொல்லி விசாரணை மன்றம் (‘இன்குவிசிஷன்’ என்ற கத்தோலிக்க மத நீதிமன்றம்) விதித்த தண்டனை நடந்தது லொக்ரோன்யோ நகரில், 1610 நவம்பரில். தீயில் உயிரோடு இறந்தவர்கள் ஆறு பேர். இன்னும் ஐந்து பேர் சிறையிலேயே இறந்துபோனதால் அவர்களின் உருவ பொம்மைகளை எரித்தார்கள். இந்தப் பதினொரு பேரில் ஆண்களும் உண்டு. எண்ணிக்கையைப் பெருக்காமலே இது கொடுமைதான்.

அந்தப் பதிவு சொல்லாமல் விட்டது இன்னொன்று. தீர்ப்பளித்த மூவரில் ஒருவரான அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ், 1611-ல் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். சூனியம் நடந்ததற்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை என்று எழுதினார். அதன்பின் 1614-ல் விசாரணை மன்றத்தின் தலைமை சூனிய வழக்குகளில் ஆதாரம் பற்றிய விதிகளை மிகவும் கடுமையாக்கியது. வெறும் வாக்குமூலத்தை நம்பி எரிப்பது அங்கே ஏறக்குறைய நின்றுபோனது.

இறந்தவர்கள் சூனியக்காரிகள் அல்லர், அக்கம்பக்கத்து ஊர்மக்கள். அவர்களை இன்றும் அந்தப் பெயரால் அழைக்காதீர்கள்.