எல்லாக் கதைக்கும் ஒரே அளவுகோலா?

‘பாத்திரங்களில் ஆழம் போதவில்லை.’ துப்பறியும் கதையோ பேய்க்கதையோ, எதைப் படித்தாலும் இந்த ஒரு வரியைத்தான் விமர்சனமாக எழுதுகிறோம். புதிதாக எழுத வருபவர்களை இது தேவையில்லாத இடத்தில் உழைக்க வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆள், இடம், நிகழ்ச்சி, பேச்சு எல்லாம் எல்லாக் கதையிலும் உண்டு. பாரத்தை எது சுமக்கிறது என்பது வகைக்கு வகை மாறும்.

நம் இலக்கணத்துக்கு இது பழைய செய்தி. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். பெயர் போனால் அந்த ஆளின் தனி வரலாறும் போய்விடும். அந்த வேலையை நிலமும் பொழுதும் பறவையும் பூவும் செய்கின்றன. கடற்கரை, சூரியன் சாயும் நேரம் என்றதுமே இரங்கல் வந்துவிடுகிறது. புறத்தில் எந்த மன்னன், எந்தப் போர், யாருக்கு என்ன கொடுத்தான் என்பதுதான் பெரும்பாலும் பாட்டைத் தாங்குகிறது.

துப்பறியும் கதைக்கு உயிர், எந்தத் தகவல் எப்போது வாசகர் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. எழுதும் முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். உண்மையில் நடந்தது, மணிவாரியாக; துப்பறிபவருக்கு அது தெரியவரும் அத்தியாயம்; வாசகருக்குத் தெரியவரும் அத்தியாயம். துப்பறிபவர் பார்த்த தடயம் வாசகருக்கு மூன்று அத்தியாயம் தள்ளிக் கிடைத்தால் அது ஏமாற்று வேலை. தடயத்தைத் தனி வாக்கியமாக வைத்தால் கண்ணை உறுத்தும். மேசைமேல் இருந்த ஐந்து பொருள்களில் மூன்றாவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே போன் அடிக்கட்டும்.

1929இல் ஆங்கிலேயத் துப்பறியும் கதையாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவது: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ஆனால் அவன் மனவோட்டத்தை வாசகர் பின்தொடர்ந்திருக்கக் கூடாது. ஆழம் இல்லை என்று நாம் குறை சொல்லும் இடத்தில், அந்த வகையின் விதியே ஆழத்தைத் தடுக்கிறது! குற்றவாளியின் பால்யத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள், ‘இவனுக்கு ஏன் இவ்வளவு இடம்?’ என்று வாசகர் அங்கேயே பிடித்துவிடுவார்.

பேய்க்கதைக்கு இடமும் வேகமும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கொல்லைக்கு எத்தனை படி, ராத்திரி எந்த விளக்கு எரியும் என்பதெல்லாம் பயம் வருவதற்கு முன்பே வாசகர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அதில் ஒன்றே ஒன்று மாறட்டும். முதல் பக்கத்திலேயே ரத்தம் கொட்டினால், எது மாறியது என்று ஒப்பிட வாசகரிடம் எதுவும் இருக்காது. ‘அமானுஷ்யமான’, ‘திகிலூட்டும்’ போன்ற அடைமொழிகளைத் தயங்காமல் வெட்டலாம்.

புராணக் கதையைத் திரும்ப எழுதுபவர்கள் முடிவை ஒளித்து வைக்க மெனக்கெடுவது வீண். படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அது பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் தர்க்கத்துக்கும் பாட்டுக்கும் ஆட்ட அடவுக்கும்.

குடும்பக் கதையில் மட்டும் அந்தப் பழைய விமர்சனம் முழுதாகச் செல்லும். பாகப்பிரிவினைக் காட்சியில், கேட்க நினைத்தும் வாயைத் திறக்காத தங்கை யார், ஏன் திறக்கவில்லை என்பது எழுதியவருக்குத் தெரியாவிட்டால் எத்தனை திருப்பம் வைத்தும் பயனில்லை.

உங்கள் கதையில் எது பாரம் சுமக்கிறது என்று சந்தேகமா? ஊரை மாற்றிப் பாருங்கள். நாயகியின் குணத்தை மாற்றிப் பாருங்கள். நிகழ்ச்சிகளின் வரிசையைக் கலைத்துப் பாருங்கள். எதைத் தொட்டதும் கதை விழுகிறதோ, திருத்தி எழுதும்போது பாதி நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

சிறுகதைப் போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாத்திரப் படைப்புக்கு இத்தனை, நடைக்கு இத்தனை என்று எல்லா வகைக்கும் ஒரே மதிப்பெண் பட்டியலை நடுவர்களிடம் நீட்டாதீர்கள். முதலில் வகை பிரியுங்கள், பிறகு பட்டியல் போடுங்கள்.