காலை வணக்கத் தத்துவமும் வஞ்சி நகரத்து வாக்குவாதமும்

காலை ஆறு மணிக்கெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ‘இன்றைய தத்துவம்’ போட்டுவிடுவார். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, கீழே பொறுமையைப் பற்றி ஒரு வரி. உடனே வரிசையாகக் கும்பிடு. நம்மூரில் அந்தச் சொல் இப்படித்தான் தேய்ந்துபோயிற்று. கொஞ்சம் நீட்டிப் பேசினாலே ‘தத்துவம் பேசாதே’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். மெய்யியல் என்று சொல்லும் இலங்கைத் தமிழர்கள் தப்பித்தார்கள்.

என்னைக் கேட்டால், ‘அது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒருவர் மறிக்கும் இடத்தில்தான் தத்துவம் தொடங்குகிறது. அறிமுக நூல்களோ கிரேக்கச் சொல்லுக்கு ‘ஞானத்தின் மீது காதல்’ என்று பொருள் சொல்லி ஆரம்பிக்கும். எனக்கு அங்கேயே கொட்டாவி வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் காட்டுவது மணிமேகலையின் 27ஆம் காதையை.

வஞ்சி நகரம். இளம்பெண் என்றால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால், மணிமேகலை ஆண் துறவி வேடத்தில், பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் போகிறாள். (அன்றைக்கே அப்படி!) முதலில் அளவைவாதி, அதாவது அறியும் வழிகளை ஆராய்கிறவன், பேசுகிறான். ஒரு பொருளின் உண்மையை அறிய காட்சி, கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் (நூல்வாக்கு) என்று தொடங்கிப் பத்து வழிகளை அடுக்குகிறான். இன்றைக்கு அறிவாய்வியல் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதன் வேலையே இதுதான். எதை அறிவு என்று ஒப்புக்கொள்வது, எதைத் தள்ளுவது?

கடைசியில் வருகிற பூதவாதியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர், நெருப்பு போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் பறையோசை போல அடங்கிவிடும் என்கிறான். உயிர் என்று தனியாக ஒன்று உண்டா என்ற இந்தக் கேள்வி, உண்மையில் எவையெல்லாம் இருக்கின்றன என்று ஆராயும் மீவியற்பியலைச் சேர்ந்தது. மூளையையும் மனத்தையும் பற்றி இன்றும் இதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அதோடு நிற்கவில்லை. இன்பமும் துன்பமும் இந்தப் பிறப்போடு சரி, மறுமை என்பது பொய் என்கிறான். அப்படியானால் நல்லவனாக எதற்கு இருக்க வேண்டும்? அறவியல் வந்துவிட்டது பாருங்கள். ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று கூடவே வருகிறது; பிரிவுகளைத் தனித்தனி அலமாரியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அழகியலும் ஒரு பிரிவு. அதைத் தொட்டால் சினிமா விமர்சனச் சண்டையில் போய் முடியும், இன்றைக்கு வேண்டாம்.

கண்கூடாகக் காண்பதை மட்டுமே பூதவாதி ஏற்பான்; அனுமானம் செல்லாது. மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். ஐயம் என்று வேண்டுமானால் சொல், முடிவாகச் சொல்லாதே என்கிறாள். வாதத்தில் எது எதிலிருந்து பெறப்படும் என்று பார்க்கிற அளவையியல் இதைவிடக் கூர்மையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

காப்பியம் அவனுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை. அடுத்த காதைக்குப் போய்விடுகிறது. அந்த மனுஷன் என்ன சொல்லியிருப்பான் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றிருந்தால் டிஎன்ஏ சோதனை முடிவை நீட்டியிருப்பான். அதுவும் அனுமானம்தானே ஐயா?