மறுபடி எடுத்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் கணக்கில் சேரும்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால் புதிய கிரேடு மட்டுமே ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி) கணக்கில் வரும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. எம்.டி. படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்தும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் ஒவ்வொரு முயற்சியும் கணக்கில் சேர்கிறது.

4 கிரெடிட் (பாடத்தின் எடை) வேதியியலில் முதலில் சி (2 புள்ளி), பிறகு ஏ (4 புள்ளி) என்று வைத்துக்கொள்வோம். பழையதை நீக்கும் விதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால், அந்தப் பாடத்துக்கு அங்கே 4.0. ஆம்காஸில் 8 கிரெடிட்டுக்கு 8 கூட்டல் 16, அதாவது 24 புள்ளிகள்; வகுத்தால் 3.0. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனியாகப் போடும் அறிவியல் ஜிபிஏவிலும் இதே முறைதான்.

புதிய கிரேடு மட்டுமே சேரும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. டி.ஓ. என்ற வேறொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆகோமாஸ் முன்பு பழைய கிரேடை விட்டுவிட்டது. 2017இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பழைய அறிவுரைகள்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் இணையதளத்தில் ஆம்காஸ் விண்ணப்பதாரர் வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரியதைத் திறந்து, மறுபடி எடுத்த பாடங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். பிறகு உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு கிரேடின் புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்துப் பாருங்கள். விண்ணப்பம் அனுப்பிய பிறகு இது தெரியவந்தால் மனம் உடைந்துபோகும். தயவுசெய்து இப்போதே பார்த்துவிடுங்கள்.