பவுசரில் உள்ள எண் ஆபத்தின் அளவன்று

எரிபொருள் பவுசரின் சிவப்புச் சாய்சதுரத்தில், தீச்சுவாலைக்குக் கீழேயுள்ள 3 என்னும் எண் ஆபத்தின் அளவைக் குறிப்பதாகவும், 9 தான் மிகக் கொடியது என்பதால் 3 உள்ள வண்டியை அச்சமின்றி நெருங்கலாம் எனவும் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. அவ்வெண் பொருளின் வகையையே குறிக்கிறது: 2 வாயு, 3 தீப்பற்றும் திரவம், 8 அரிக்கும் பொருள். வெடிபொருளுக்கு 1 என்பதைப் பார்த்தாலே வதந்தி நொறுங்கிவிடும். பவுசரில் காணப்படும் 1203 என்பதும் லீற்றர் கணக்கன்று, ஆபத்தான பொருள்களை அடையாளங்காட்டும் ஐ.நா. எண்களில் பெற்றோலுக்குரியது. டீசலுக்கு 1202.

பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது. மலைச்சாலை வளைவில் பவுசர் கவிழ்ந்தால், அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் கான் வழியே இறங்கி, கீழேயுள்ள லயத்து அடுப்புவரை செல்லக்கூடும் என்பதால், காற்று வீசிவரும் பக்கமாக, மேட்டில் விலகி நிற்க வேண்டும்.