சிஆர்பி நார்மல் என்றால் எலும்பு தப்பியது என்று அர்த்தமில்லை

“சிஆர்பி 6க்குக் கீழே, அதனால் தொழுநோய்ப் பாதப்புண்ணில் கிருமி இல்லை” என்று சிலர் சொல்வது தவறு. சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். நாள்பட்ட எலும்புத் தொற்றில் சிஆர்பி நார்மலாகவே இருக்கலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவருக்கு அது அடங்கியே காட்டும். கூடவே அந்த மருந்து ரத்த வெள்ளணு எண்ணிக்கையை ஏற்றியும் விடும். இரண்டும் குழப்பம்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தொழுநோயில் நோயெதிர்ப்புச் சக்தியால் எழுந்து, உடம்பெங்கும் சிவந்த முடிச்சுகளோடு வரும் இரண்டாம் வகை ரியாக்‌ஷனில், புண் சுத்தமாக இருந்தாலும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம், அழற்சிக்கான இன்னொரு ரத்தச் சோதனை) இரண்டும் எகிறும். தொழுநோய் மருந்தான டாப்சோனால் வரும் ரத்தசோகை ஒன்றே ஈஎஸ்ஆரை உயர்த்தப் போதும்.

யூனிட்டையும் பாருங்கள். சென்னையில் ஒரு லேப் மி.கி./லிட்டரில் தரும், இன்னொன்று மி.கி./டெசிலிட்டரில். பின்னதில் 3 என்றால் முன்னதில் 30. இதில் ஏமாறுபவர்கள் ஏராளம்.

முதலில் காலைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த பாதம், வலியை நம்ப முடியாது. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்கிறோம். சூட்டைப் புறங்கையால் மறுகாலோடு ஒப்பிடுங்கள். காய்ப்பை நீக்கி, சலைனில் கழுவியபின், டாக்டர் கிருமி நீக்கிய, முனை மழுங்கிய மெல்லிய உலோகக் கம்பியை (புரோப்) புண்ணுக்குள்ளே விடுவார்; முனை ‘டக்’கென்று கல்லில் பட்டதுபோல் நின்றால் எலும்பைச் சந்தேகிக்கணும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய 2-3 வாரம் ஆகும், ஆகவே முதல் படம் சுத்தமாக இருந்தாலும் மறுபடி எடுக்கணும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மேலாகத் துடைத்த பஞ்சு வேண்டாம், ஆழத்துத் திசு அனுப்பச் சொல்லுங்கள்.

சிஆர்பி பயன்படும் இடம், சிகிச்சை ஆரம்பித்தபின். ஒரே லேபில் திரும்பத் திரும்பப் பார்த்து, இறங்குகிறதா என்று கவனிக்கலாம்.