வரியைத் தள்ளுபடி பண்ணியாச்சு, எர்த்தை யார் பார்க்கிறது?

முதலில் ஒரு கணக்கு. 2023 நவம்பரில் ஏற்றிய ஆயுள் வரிப்படி, தமிழ்நாட்டில் 12 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதாவது 2,16,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே விலையில் மின்சாரக் கார் எடுத்தவருக்கு, 2023 பிப்ரவரியில் வந்த மின்வாகனக் கொள்கையின் நூறு சதவீத விலக்கில் அத்தனையும் மிச்சம். 1,20,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு 12 சதவீதக் கணக்கில் மிச்சம் 14,400. கார்க்காரருக்குக் கிடைத்த சலுகை ஸ்கூட்டர்காரருக்குக் கிடைத்ததைப் போல 15 மடங்கு. இது சரியா என்ற சண்டையை இன்னொரு நாள் போடலாம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு. மாற்று எரிபொருள் விஷயத்தில் அரசு காசைக் கொட்டுவது ஷோரூம் வாசலில். வண்டி மாட்டிக்கொண்டு நிற்பதோ பிளக் பாயிண்டில், டிப்போ டிரான்ஸ்பார்மரில், கேஸ் பங்க் கம்ப்ரசரில். இந்த மூன்றுக்கும் மாலை போட்டுக் கொடியசைக்க முடியாது என்பதாலோ என்னவோ, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிப்போவிலிருந்து தொடங்குவோம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளை முதல்வர் தொடங்கி வைத்தார். உலக வங்கி உதவியோடு 625 பேருந்து வரை போகும் திட்டம் அது. வண்டி தனியாருடையது, டிரைவர் அவர்கள் ஆள், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் (எம்.டி.சி.) ஆள், ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். நல்ல ஏற்பாடுதான். பேட்டரி வயதாகும் தலைவலி கழகத்தின் தலையில் விழாது.

இப்போது மின்சாரத்தைக் கணக்குப் போடுங்கள். 12 மீட்டர் பேருந்து நம் ஊர் நெரிசலில் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் தின்னும் என்று வையுங்கள். ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். நாளைக்கு 200 கிலோமீட்டர் என்றால் ஒரு வண்டிக்கு 250 யூனிட். 120 வண்டிக்கு 30,000 யூனிட். கடைசி ட்ரிப் முடிந்து வண்டிகள் உள்ளே வர இரவு பதினொன்று ஆகும், முதல் ட்ரிப்புக்கு நாலரைக்குக் கிளம்பியாக வேண்டும். கழுவுவது, நகர்த்துவது போக ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. 30,000ஐ ஐந்தால் வகுத்தால் 6,000 கிலோவாட். சார்ஜரில் வீணாவது தனி. ஒரு பழைய டீசல் டிப்போவுக்கு டியூப் லைட்டும், கம்ப்ரசரும், டீசல் பம்ப்பும் ஓடினால் போதும். அதே இடத்துக்குத் திடீரென்று ஆறு மெகாவாட் என்றால், தெருவில் போகிற 11 கே.வி. லைனில் ஒரு கொக்கி போட்டு எடுத்துவிட முடியாது. துணைமின் நிலையத்திலிருந்து தனி ஃபீடர், அதாவது தனி லைன், இழுக்க வேண்டும், பல இடங்களில் 33 கே.வி.க்கே போக வேண்டும். துணைமின் நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, சாலையை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, கேபிள் புதைத்து முடிப்பதற்குள் பேருந்து தயாராகி வெளியே நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், மின்சாரப் பேருந்துத் திட்டம் என்பது முக்கால்வாசி மின்வாரிய வேலை. பேருந்து கால்வாசிதான்.

சரி, லைனும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன கெடும்? 240 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன், அதாவது வண்டியில் மாட்டும் கேபிள் முனை. இரண்டு வண்டியை மாட்டினால் ஆளுக்குப் பாதி. இரவு ஒரு மணிக்கு மாட்டிவிட்டு ஆள் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். கன்னில் உள்ள தொடர்பு பின்னில் கொஞ்சம் ஈரமோ தூசியோ இருந்தால் போதும், வண்டிக்கும் சார்ஜருக்கும் பேச்சுவார்த்தை முறிந்து ஒன்றே முக்காலுக்குச் சார்ஜ் நின்றுவிடும். திரையில் சிவப்பாக ஒரு வரி மட்டும் வரும். யாரும் பார்க்கவில்லை என்றால் நாலரைக்கு டிரைவர் ஏறி உட்காரும்போது 38 சதவீதம் காட்டும். அந்த ஷெட்யூல் அவ்வளவுதான். இரவு ஷிப்டில் அரை மணிக்கொரு முறை எல்லாத் திரையையும் சுற்றிப் பார்க்க ஓர் ஆள் போட்டால் இது தீரும். இன்னொன்று கேபிள். தரையில் போட்டுவிட்டுப் போன கன் மேல் பேருந்துச் சக்கரம் ஏறினால் கன் காலி. மேலிருந்து தொங்கவிடும் ஏற்பாடு செலவுதான், ஆனால் அந்தச் செலவு கைவிடாது. வடசென்னையில் நவம்பர், டிசம்பர் மழை எப்படி நிற்கும் என்று வியாசர்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேபிள் கால்வாய் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் போய் உட்காரும். சார்ஜர் மேடையைத் தெரு வெள்ளக்கோட்டுக்கு மேல் கட்டியிருக்கிறார்களா என்பதை டெண்டரில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி. பற்றிச் சுருக்கமாக. கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் எண்ணூர் எல்.என்.ஜி. முனையம் 2019இல் வந்ததும் நகரங்களுக்கு எரிவாயு கொடுக்கும் வேலை வேகம் பிடித்தது. மாநில அரசு வாட் வரியையும் 5 சதவீதத்துக்கு இறக்கியது. போக்குவரத்துக் கழகங்கள் சில பழைய டீசல் பேருந்துகளை மாற்றி ஓட்டிப் பார்க்கவும் செய்தன. ஆட்டோக்காரர்களின் பழைய புகார் ஒன்று இன்னும் இருக்கிறது: “200 பார் போட்டான், வீட்டுக்கு வந்தா 170 காட்டுது, ஏமாத்துறான்.” பார் என்பது அழுத்தத்தின் அளவு. பங்க்காரர் ஏமாற்றவில்லை. வேகமாக அடைக்கும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகும், சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், ஆறினால் இறங்கிவிடும். காசு கிலோவுக்குத்தான், பாருக்கு இல்லை. ஆனால் குழாய் வராமல் லாரியில் கேஸ் வரும் பங்க்கில் கதை வேறு. மாலையில் நாற்பது ஆட்டோ நின்ற பிறகு அங்கே இருப்பு அழுத்தமே இறங்கிப் போயிருக்கும், வண்டிக்கு 150க்கு மேல் ஏறாது. அப்படி இருந்தால் காலையில் லாரி மாறியதும் போய் நிரப்புவதுதான் வழி. வரியைக் குறைத்ததோடு, இந்த மாதிரிப் பங்க்குகளில் இறங்கிய அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்டர் கம்ப்ரசர் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வரிசை பாதியாகியிருக்கும்.

இனி வீடு. என் பார்வையில் பெரிய ஓட்டை இங்கேதான்.

ஸ்கூட்டர் சார்ஜர் முக்கால் கிலோவாட் சுற்றி, நான்கு ஆம்பியர் போல இழுக்கும். அதற்குச் சாதாரண பிளக் போதும் என்று நினைப்பார்கள். நான்கு ஆம்பியரைப் பத்து நிமிடம் இழுப்பதும் நான்கு மணி நேரம் இழுப்பதும் ஒன்றல்ல. தளர்ந்த சாக்கெட்டில் பின் சூடாகி, பழுப்பேறி, ஒருநாள் உருகும். கை வைத்துப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடியபின் பிளக் தொட முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

காருக்கு வாங்கும்போது கொடுக்கும் 3.3 கிலோவாட் சார்ஜர் கிட்டத்தட்ட 15 ஆம்பியரை, 30 யூனிட் பேட்டரி என்றால் இரவு முழுக்க இழுக்கும். ஏ.சி.க்குப் போன லைனிலிருந்து கிளை எடுத்துப் போட்ட பவர் பாயிண்ட் இதற்கு ஆகாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், பளு மீறினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்று தனியாக வேண்டும். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். அதற்கு 6 சதுர மி.மீ., கீழ்த்தள பார்க்கிங் வரை முப்பது, நாற்பது மீட்டர் ஓட வேண்டுமென்றால் 10. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், குறைந்தது ‘ஏ’ வகை. கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ‘ஏ.சி.’ வகை. அது கார் பக்கமிருந்து துடிப்பு துடிப்பாகக் கசியும் நேர்மின்னோட்டத்தைப் பார்க்காது. பெட்டிமேல் உள்ள சின்னத்தைப் பாருங்கள்: ஓர் அலை மட்டும் இருந்தால் ஏ.சி., அலைக்குக் கீழே இரண்டு மேடு இருந்தால் ஏ.

அடுத்தது எர்த். புதுக் கார் சார்ஜ் ஏறவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களில் நிறைய பேருக்குக் கோளாறு காரில் இல்லை. மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 15, 20 காட்டினால் பெரும்பாலும் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. மே மாதத்தில் எர்த் குழி காய்ந்து போவதும், கடற்கரை மணலில் ஈரம் தங்காததும், பெயின்ட் அடித்தவர் கம்பியை வெட்டிவிட்டுச் சொல்லாமல் போனதும்தான் வழக்கமான காரணங்கள். சில எலக்ட்ரீஷியன்கள் நியூட்ரலையும் எர்த்தையும் பாயிண்டிலேயே இணைத்து ‘சரி பண்ணி’விடுவார்கள். சார்ஜர் பச்சை காட்டும். ஆனால் நியூட்ரல் அறுந்த அன்று காரின் தகரம் முழுக்க 230 வோல்ட். இதைச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள்.

இரண்டு லட்சம் தள்ளுபடி கொடுக்கும் அரசு அதில் மூவாயிரத்தைப் பிடித்துவைத்து, உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் எர்த் அளவும் ஒயர் அளவும் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கச் சான்றிதழுக்குத் திருப்பித் தரலாம். மின் ஆய்வுத் துறை என்று ஒன்று அரசிடமே இருக்கிறது, படிவத்தை அவர்களே வடிவமைக்கலாம். அடுக்குமாடிச் சங்கங்களுக்கு இதைவிட அவசரம். இருபது வீட்டுக்கு வாங்கிய மின்பளுவில் எட்டுக் கார் ஒரே நேரத்தில் 7 கிலோவாட் இழுத்தால் 56 கிலோவாட், மெயின் கட் அவுட் இரவு பதினொன்றுக்குப் போகும், லிஃப்ட்டும் மோட்டாரும் சேர்ந்து நிற்கும். முதல் கார் வந்தவுடனேயே சங்கம் கூடி, பொதுப் பளுவைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பித்து, கார்கள் முறை வைத்து இழுக்கும்படி பகிர்வுக் கருவி ஒன்றையும் போட்டுவிட வேண்டும். எட்டாவது கார் வரும்வரை காத்திருந்தால், முதல் ஏழு பேரும் அவரவர் மீட்டரிலிருந்து சுவரேறிக் கொடி மாதிரி ஒயர் இழுத்து முடித்திருப்பார்கள். அதை அவிழ்க்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.